வெண்கலத்தின் வால்வு

பேருந்து நிலையத்தில் போய் அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. வெண்கலம் என்று கேட்டால், நடைமேடை கூட்டுகிறவர்கூடத் துடைப்பத்தை நிறுத்தாமல் அறிவிப்பு அறையின் பக்கம் முகவாயை நீட்டிக் காட்டுவார். ஏழு வருடம் வண்டியில் நடத்துனராக நின்றவன், அதன் பிறகு இருபத்திரண்டு வருடம் அந்த அறையில் ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்தவன். மின்சாரம் போய்விட்டால் வெளியே வந்து வெறும் வாயால் கூப்பிடுவான். பதினான்காம் நடைமேடையின் கடைசிப் பெஞ்சில் தூங்குகிறவன் துள்ளி எழுந்து பையைத் தேடுவான். வெண்கலத்தைத் தட்டினது போன்ற குரல். பெயர் அப்படி வந்தது.

அந்தக் குரல் குடியிருந்த இடத்தைத்தான் ஒன்றரை வருடத்துக்கு முன்பு அறுத்து எடுத்துவிட்டார்கள். குரல்வளையில் புற்று. "உயிர் வேணுமா, குரல் வேணுமா" என்று பெரிய மருத்துவர் கேட்டார். "ரெண்டும்" என்றான். அவர் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை.

இரண்டும் கிடைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். கழுத்தின் அடியில் ஒரு ரூபாய்க் காசளவு துளை வைத்தார்கள். அன்றுமுதல் அவன் மூச்சு விடுவது அதன் வழியாக. துளைக்குள், மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் உள்ள சுவரில், சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சிலிக்கான் வால்வைப் பொருத்தினார்கள். ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவு அது. பெருவிரலால் கழுத்துத் துளையை அடைத்துக்கொண்டு மூச்சை விட்டால், காற்று வால்வைத் தள்ளிக்கொண்டு உணவுக்குழாய்க்குள் போய்த் தொண்டைச் சதையை அதிரவைக்கும். அந்த அதிர்வை வாய் பேச்சாக்கும். சாப்பாடும் தண்ணீரும் திரும்பி மூச்சுக்குழாய்க்குள் வராமல் அதே கதவு மூடிக்கொள்ளும்.

புதுக் குரலை முதன்முதலாக ஒலிபெருக்கியில் கேட்டபோது நிலையமே ஒரு நொடி அசையாமல் நின்றது. சரளைக் கல்லில் கனரக வண்டி ஏறினது போல இருந்தது.

"வெண்கலம் போச்சுய்யா" என்றார் தேநீர்க் கடைக்காரர்.

"இது வார்ப்பிரும்பு. சீக்கிரம் உடையாது" என்றான் அவன், பெருவிரலைக் கழுத்தில் வைத்துக்கொண்டு.

ஆனால் உடைந்தது. அடிக்கடி உடைந்தது.

முதல் வால்வு நான்கு மாதம் உழைத்தது. இரண்டாவது ஐம்பத்திரண்டு நாள். அடுத்தடுத்தவை முப்பத்தொன்று, இருபத்தாறு, பத்தொன்பது. இந்தக் கணக்கு அவனுடைய அக்காவின் நோட்டில் இருந்தது. அக்கா எட்டாவதோடு பள்ளியை விட்டவள், தையல்காரி. அவனுக்கு நான்கு வயது மூத்தவள், அவன் வீட்டின் முன்னறையில் மிஷின் போட்டு ஊரிலுள்ள சீருடைகளையெல்லாம் தைத்துக்கொண்டிருந்தாள். கால் அங்குலம் பிசகினால் முழுத் தையலையும் பிரிக்கிற ஆள். தம்பியின் கழுத்துத் துளை மேல் தூசி விழாதிருக்க மெல்லிய பருத்தியில் ஏழு மறைப்புத் துணி தைத்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் கிழமையின் முதல் எழுத்தை நூலால் போட்டுக் கொடுத்திருந்தாள்.

அந்தத் துணிதான் முதலில் காட்டிக் கொடுக்கும். தேநீர் குடிக்கும்போது இருமல் வரும், துணியில் பொட்டுப் பொட்டாகப் பழுப்புக் கறை விழும். கதவு மூடவில்லை, வாயால் குடித்தது கழுத்தால் வருகிறது என்று அர்த்தம். அதோடு அன்று அறிவிப்பு கிடையாது. வால்வு மாற்றும் பிரிவு வாரத்தில் ஒரு நாள்தான். அதுவரை கஞ்சியைக் கெட்டியாக்கி விழுங்கிக்கொண்டு, சிலேட்டில் எழுதிக்கொண்டு வீட்டில் கிடக்க வேண்டும்.

பத்தொன்பது நாளில் வால்வு போன அன்று, புதிதாக வந்திருந்த நிலைய அதிகாரி அவனைக் கூப்பிட்டனுப்பினார். மேசை மேல் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது.

"பதிவு பண்ணின குரல். வண்டி நேரத்தை ஏத்திட்டா அதுவே சொல்லிடும்" என்றார். "நான் ஒண்ணும் கெட்டவன் இல்லைங்க. ஆனா மாசத்துல பத்து நாள் அறிவிப்பே இல்லாம நிலையம் நடத்த முடியுமா? தவறவிட்ட பொருள் அறை இருக்கு. அங்க உக்காந்துக்குங்க. பேசற வேலையே கிடையாது."

அவன் சிலேட்டில் எழுதினான்: 'முப்பது நாள் கொடுங்கள்.'

"எதுக்கு?"

'ஒரு நாள்கூட விடாமல் முப்பது நாள் பேசுகிறேன். விட்டால் நானே அந்த அறைக்குப் போகிறேன்.' எழுதிவிட்டு, 'குடைகளோடு பேசிக்கொண்டிருக்கிறேன்' என்று கீழே சேர்த்தான்.

அதிகாரி படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "சரி. புது வால்வு போட்ட அடுத்த நாள்லேர்ந்து முப்பது. அதுக்கு மேல என்னால தள்ள முடியாது."

வீட்டில் இதைக் கேட்ட மனைவி, "போன தடவை பத்தொன்பதுக்கே நாக்குத் தள்ளிடுச்சு. முப்பதுன்னு எந்த தைரியத்துல எழுதினீங்க?" என்றாள்.

சிலேட்டைத் திருப்பி எழுதினான்: 'நாற்பது என்று எழுதத்தான் போனேன். இடம் பத்தவில்லை.'

புதன்கிழமை அக்காவும் அவனும் மருத்துவமனைக்குப் போனார்கள். வால்வு மாற்றுகிறவர் பேச்சுப் பயிற்சியாளர், முப்பது வயதுப் பெண். நான் டாக்டர் இல்லை என்று அவர் எத்தனை முறை சொன்னாலும் இவனுக்கு அவர் டாக்டரம்மாதான். பழைய வால்வை உருவி எடுத்து, ஒரு வெள்ளைத் தட்டில் வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் தள்ளினார்.

"பாருங்கண்ணே. இன்னிக்கு முழுசாக் காட்டணும்னு இருந்தேன்."

அக்காதான் முதலில் குனிந்தாள். வால்வின் உதட்டில் மஞ்சளும் வெள்ளையுமாக ஏதோ குமிழ் குமிழாக ஒட்டியிருந்தது. டாக்டரம்மா ஊசியால் நெம்பினார். அது மேலே ஒட்டவில்லை, சிலிக்கானுக்குள்ளேயே இறங்கியிருந்தது.

"தண்ணி பாட்டிலை நாலு நாள் கழுவாம விட்டா உள்ள வழவழன்னு ஒண்ணு ஒட்டும் இல்லையா, அந்தக் கதைதான். இது பூஞ்சை. கேண்டிடான்னு பேரு. எல்லார் வாயிலயும் கொஞ்சம் இருக்கும், அது பாட்டுக்குக் கிடக்கும். ஆனா இந்த மாதிரி ஒரு பொருள் கிடைச்சா புடிச்சிக்கும். ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, பசை மாதிரி ஒண்ணைச் சுரந்து மேல போத்திக்கும். உயிர்ப்படலம்னு சொல்லுவோம். மருந்து ஊத்தினா மேல இருக்கறதுதான் சாகும். கீழ இருக்கறது போர்வைக்குள்ள படுத்துக்கிட்டு வேடிக்கை பாக்கும்."

வெண்கலம் சிலேட்டை எடுத்தான். 'கூப்பிடாமல் வந்ததும் இல்லாமல் கட்டில் வேறு போட்டுக்கொண்டதா?'

"கட்டிலு, கதவு, பூட்டு எல்லாம்." டாக்டரம்மா கணினியில் ஒரு படத்தைத் திறந்தார். "போன வால்வுல இருந்த பூஞ்சையை ஆய்வகத்துல வளத்துப் பாத்தாங்க. இந்த வட்டத் தட்டு பூரா வெள்ளையாத் தெரியுறது அதுதான். நடுவுல இருக்கற குட்டி வட்டக் காகிதமெல்லாம் மருந்துல நனைச்சது."

"பொத்தான் வச்ச துணி மாதிரி இருக்கு" என்றாள் அக்கா.

"ஆமாங்கா. மருந்து வேலை செஞ்சா பொத்தானைச் சுத்தி வெறும் இடம் விழணும். இந்த ரெண்டுக்கும் விழுந்திருக்கா? இதப் பாருங்க."

மூன்றாவது பொத்தானைச் சுற்றி இடமே இல்லை. வெள்ளை அதன் விளிம்பு வரை வந்து முட்டிக்கொண்டு நின்றது.

"இது ஃப்ளூக்கோனசோல். நீங்க போடற மாத்திரை. இப்ப இது அதுக்கு மிட்டாய் மாதிரி." அவர் குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, மாத்திரையை எப்படிச் சாப்பிட்டீங்க? கோபப்பட மாட்டேன்."

வெண்கலம் சுவரைப் பார்த்தான். அக்கா பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

எல்லாம் அதில் இருந்தது, கோடு போட்டு, தேதி போட்டு. பதினான்கு நாளைக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை நான்காம் நாள் குரல் தெளிந்ததும் நிறுத்தியது. மிச்சத்தைத் தகர டப்பாவில் போட்டு வைத்தது. குரல் கம்மும்போதெல்லாம் ஒன்று எடுத்துப் போட்டது. வீரியமான மருந்து, ஈரலைக் கெடுக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு, அந்த ஒன்றையும் அக்கா சவர பிளேடால், அளவுகோல் வைத்து, இரண்டாகப் பிளந்தது. பாதி மாத்திரை என்று எழுதின இடங்கள் முப்பத்தேழு. அத்தனையும் அக்காவின் திருத்தமான கையெழுத்தில்.

"சரிபாதியா வெட்டியிருக்கேன். ஒரு பொடி கூடக் கொறையல" என்று சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. நோட்டை மூடிக்கொண்டாள்.

"பாதி மாத்திரைக்கு நோஞ்சான் பூஞ்சை செத்துடுங்கா. முரடன் தப்பிச்சுக்குவான். முப்பத்தேழு தடவை நோஞ்சானைக் கழிச்சுக் கழிச்சு, இப்ப இருக்கறது பூரா முரடன். இனிமே இந்த மாத்திரை வேணாம், ஒண்ணுகூட." டாக்டரம்மா ஆய்வகத் தாளை மறுபடி படித்தார். "ஆனா எனக்கு இன்னொண்ணு உறுத்துது. வாய் கொப்பளிக்கற மருந்து இதுக்குக் கேக்குது. பொத்தானைச் சுத்தி நல்லா இடம் விழுந்திருக்கு. நீங்களும் கொப்பளிக்கறீங்க. அப்பவும் பத்தொன்பது நாள்ல புது வால்வுல வந்து உக்காருதுன்னா, வாயிலயே எங்கயோ பெரிய முகாம் போட்டிருக்கு. வாய்க்குள்ள வேற ஏதாச்சும் பொருள் வச்சிருக்கீங்களா? படிவத்துல செயற்கைப் பல் இல்லைன்னு போட்டிருக்கு."

வெண்கலம் அக்காவைப் பார்த்தான். அக்கா அவனைப் பார்க்கவில்லை.

இங்கே பழைய கதை ஒன்று சொல்ல வேண்டும். பதினைந்து வருடத்துக்கு முன்பு, ஒரு வண்டி பின்னால் எடுக்கும்போது திறந்திருந்த கதவின் கம்பி அடித்து அவனுடைய மேல்வரிசைப் பற்கள் போய்விட்டன. பல்செட் தயாராக எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் நிலையம் முழுக்க அவனுக்குப் பெயர் பொக்கை. ஒரு ஓட்டுநர் அறிவிப்பு அறைக்குள் புகுந்து ஒலிவாங்கியிலேயே "பொக்கை அழைக்கிறார்" என்று சொல்லிவிட்டு ஓடினார். ஒன்பதாம் நாள் பல் வந்தது, வெண்கலம் திரும்பினான். அன்று சபதம் எடுத்தான்: இனி எவனும் என்னைப் பல் இல்லாமல் பார்க்க மாட்டான். அதன் பிறகு கட்டின மனைவிகூடப் பார்த்ததில்லை. குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு இரண்டு நிமிடம் கழுவுவான். மீதி நேரமெல்லாம், தூங்கும்போதும், அது அவன் வாயில்தான். அறுவை அன்று மட்டும் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி அக்காவிடம் கொடுத்தான். அதன் பிறகு குரல் பிரிவில் படிவம் நிரப்பும்போது, 'செயற்கைப் பல் உண்டா' என்ற வரி வந்த இடத்தில் அவளுடைய பேனாவைப் பிடித்து நிறுத்தி, இல்லை என்று தலையை ஆட்டினான். அவளும் எழுதிவிட்டாள்.

"உண்டு" என்றாள் அக்கா.

அவன் சிலேட்டால் மேசையைத் தட்டினான்.

"தட்டாதடா. முப்பது நாள்னு எழுதிக் கொடுத்துட்டு வந்திருக்கே." டாக்டரம்மாவின் பக்கம் திரும்பினாள். "மேல்வரிசை முழுக்க. படிவத்தைக் கொடுங்கம்மா. நான் எழுதினதை நானே திருத்தறேன்." 'இல்லை' என்பதன் மேல் நேராக ஒரு கோடு போட்டு, 'உண்டு' என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டாள்.

"நானும் வாயைத் திறக்கச் சொல்லிப் பாத்திருக்கணும். கழுத்தையே பாத்துட்டு இருந்துட்டேன்" என்றார் டாக்டரம்மா. "கழட்டுங்கண்ணே."

அவன் கழற்றவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். டாக்டரம்மா காத்திருந்தார். வெளியே அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டார்கள், இரண்டாம் முறையும் கூப்பிட்டார்கள். கடைசியில் அவன் அக்காவைப் பார்த்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள் என்று சைகை காட்டினான். அவள் திரும்பிக்கொண்டாள். தட்டில் பல் விழுந்த சத்தம் கேட்டது.

பல்செட்டின் மேற்புறம், அண்ணத்தோடு ஒட்டுகிற பகுதி முழுவதும், பாலாடை படிந்தது போல இருந்தது. அவனுடைய அண்ணம் அதே அளவில், அதே வடிவத்தில், சிவந்து கிடந்தது.

"முகாம் இதுதான்" என்றார் டாக்டரம்மா. "இதைப் போட்டுக்கிட்டு நீங்க கொப்பளிச்சா, கூரை மேல மழை பெஞ்ச மாதிரி. உள்ள ஒரு சொட்டு போகாது."

அவர் சொன்ன விதிகள் அதிகமில்லை. ராத்திரி பல் வாயில் இருக்கக் கூடாது, அவர் கொடுக்கும் நீரில் ஊற வேண்டும். சாப்பிட்டதும் கழற்றி சோப்பு போட்டுத் தேய்க்க வேண்டும், மதியமும்தான். பல்லைக் கழற்றிய பிறகே மருந்தைக் கொப்பளிக்க வேண்டும், ஐந்து நிமிடம் வாயில் வைத்திருக்க வேண்டும். வால்வைக் காலை மாலை தூரிகையால் சுத்தம் செய்து, தூரிகையை உலரவிட வேண்டும். மாத்திரை கிடையாது. அக்கா தகர டப்பாவை அங்கேயே, அவர் மேசை மேலேயே வைத்துவிட்டாள்.

புது வால்வு போட்டதும் அவன் பேசின முதல் வார்த்தை "துரோகி". அக்காவைப் பார்த்து.

"அளவெடுத்துத் தச்ச பேரு. வச்சுக்கறேன்" என்றாள் அவள்.

ராத்திரி படுக்கப் போகும் நேரத்தில் பாத்திரத்தில் பல்லைப் போட்டுவிட்டு, துண்டால் வாயை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். மனைவி துண்டைப் பிடித்து இழுத்தாள்.

"என்னங்க இது, புதுப் பொண்ணு மாதிரி முக்காடு? பதினஞ்சு வருஷமா நான் உங்க பல்லைப் பாத்தா குடும்பம் நடத்தினேன்? ஒரு நாளாச்சும் அதைக் காட்டிச் சிரிச்சிருக்கீங்களா, பாக்கறதுக்கு?"

அவன் சிரித்துவிட்டான், பொக்கையாக. அவளும் பார்த்துவிட்டாள். வீட்டளவில் அந்தச் சபதம் அதோடு முடிந்தது.

வெளியில் முடியவில்லை. வேலைக்குப் போன முதல் நாள், மதியம் சாப்பிட்டு முடித்ததும் டிபன் பெட்டியை மூடி வைத்துவிட்டு அவன் அறையிலேயே உட்கார்ந்திருந்தான். கை கழுவும் இடம் ஓட்டுநர்கள் ஓய்வறையின் வாசலில், திறந்த வெளியில்: நீளமான ஒரு தொட்டி, ஏழு குழாய், சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடி. சாப்பாட்டு நேரத்தில் அங்கே பத்துப் பதினைந்து பேர் இல்லாமல் இருக்காது. சாயங்காலம் வீட்டில் போய்த் தேய்த்தால் என்ன, ஒரு வேளைதானே என்று தோன்றியது. அந்த 'ஒரு வேளைதானே'வைக் கேட்டதும் அவனுக்குப் பாதி மாத்திரை ஞாபகம் வந்தது. முப்பத்தேழு தடவை அப்படித்தான் தோன்றியிருந்தது.

எழுந்தான். சோப்புப் பெட்டி, தூரிகை, மருந்து பாட்டில் மூன்றையும் எடுத்துக்கொண்டு, நடைமேடைகளின் குறுக்கே நடந்து போய் நடுக்குழாயில் நின்றான். கண்ணாடியில் எல்லார் முகமும் தெரிந்தது. பல்லைக் கழற்றினான்.

பக்கத்துக் குழாய்க்காரர் வாய் கொப்பளிப்பதை நிறுத்தினார். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பதினைந்து வருடத்துக்கு முன்பு ஒலிவாங்கியில் கத்திவிட்டு ஓடிய அதே ஓட்டுநர், இப்போது தலை நரைத்துப் போனவர். "டேய், பொக்கை திரும்ப வந்துட்டான்டோய்!"

நாலைந்து பேர் சிரித்தார்கள்.

வெண்கலம் அவசரப்படவில்லை. பல்லைத் திருப்பித் திருப்பித் தேய்த்தான். அலசினான். தொட்டியின் விளிம்பில், எல்லாரும் பார்க்கிற மாதிரி வைத்தான். பிறகு திரும்பி நின்று பெருவிரலைக் கழுத்துக்குக் கொண்டுபோனான்.

"பொக்கைதான். வெண்கலமும் நான்தான்" என்றான். பல் இல்லாத வாயில் வார்த்தைகள் குழைந்தாலும் ஓய்வறையின் கடைசி வரை கேட்டது. "நூத்திப் பதினெட்டு கிளம்ப வேண்டிய நேரத்துக்கு மேல ஆறு நிமிஷம் ஆச்சு. அதோட ஓட்டுநர் என் பல்லை எண்ணிட்டு நிக்கறாருன்னு மைக்குல சொல்லிடட்டுமா அண்ணே?"

இப்போது மொத்தப் பேரும் சிரித்தார்கள், ஆனால் திசை மாறியிருந்தது. நூற்றிப் பதினெட்டின் ஓட்டுநர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாய் மட்டும் கொறையவே இல்லடா உனக்கு" என்று வண்டிக்கு ஓடினார். வெண்கலம் மருந்தை வாயில் ஊற்றிக்கொண்டு, கண்ணாடிக்கு மேலிருந்த கடிகாரத்தைப் பார்த்து, ஐந்து நிமிடம் கன்னத்தை அசைத்துக்கொண்டு அங்கேயே நின்றான். மறுநாள் அதே குழாய். அதற்கடுத்த நாளும். ஒரு வாரத்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதை விட்டார்கள். பத்தாம் நாள், பல்செட்காரரான ஒரு வயதான நடத்துனர் பக்கத்துக் குழாய்க்கு வந்து, தன்னுடையதையும் கழற்றிக் கழுவினார்.

அக்கா துணி வெட்டும் மேசையின் ஓரத்தில் சாக்கட்டியால் முப்பது கோடு போட்டு வைத்து, தினமும் ஒன்றைக் குறுக்கே அடித்துவந்தாள். பத்தொன்பதாம் கோட்டையும் மற்றவை போலவே அடித்தாள். இருபதை அடிக்கும்போது மட்டும் கொஞ்சம் அழுத்தி அடித்தாள், சாக்கட்டி உடைந்தது.

இருபத்து மூன்றாம் நாள் காலை அவனுக்குக் குரல் வரவில்லை. காற்று போகவே இல்லை, முக்கினான். முகம் சிவந்து, நெற்றி நரம்பு புடைத்து, கடைசியில் வந்தது ஒரு சீட்டி மட்டும். நேராக அலமாரிக்குப் போய்த் தகர டப்பா இருந்த இடத்தைத் துழாவினான். பிறகுதான் டப்பா கைமாறினது நினைவுக்கு வந்தது. சிலேட்டில் கிறுக்கினான்: 'ஒன்றாவது வைத்திருக்கக் கூடாதா?'

"வச்சிருந்தா இப்ப போட்டிருப்பே" என்றாள் அக்கா. "இத்தனை நாள் சோறு போடாமக் காயப்போட்ட முரடனுக்கு மறுபடி பாடம் எடுத்திருப்பே."

'குடை அறைக்குப் போகட்டுமா?'

"போறதா இருந்தா இருமிட்டுப் போ. தண்ணி குடி, பாக்கலாம்."

குடித்தான். இருமல் வரவில்லை. அவள் குனிந்து மறைப்புத் துணியைத் தூக்கி, மிஷின் விளக்கைத் திருப்பிக் கழுத்துக்குள் அடித்துப் பார்த்தாள். ஒரு சொட்டு ஈரமில்லை. "கதவு மூடுதுடா. திறக்கத்தான் மாட்டேங்குது. அப்ப உள்ள ஏதோ அடைச்சிருக்கு, அவ்வளவுதான். தூரிகையை எடு."

கண்ணாடியின் முன் உட்கார்ந்து, மூச்சை நிறுத்தி, டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த மாதிரி தூரிகையை உள்ளே விட்டு மெல்லத் திருகினான். இரண்டாம் திருகலில் காலையில் தின்ற ரொட்டியின் துணுக்கொன்று சளியோடு வந்தது. பெருவிரலை வைத்தான்.

"ரொட்டி" என்றான், சரளைக் கல் குரலில். "ஒரு ரொட்டித் துண்டுக்கா என்னை இந்தப் பாடு படுத்தினே?"

"நான் எங்கடா படுத்தினேன்? ஆறே முக்கால் ஆச்சு, ஓடு."

முப்பதாம் நாள் வந்தது. நிலைய அதிகாரி கறுப்புப் பெட்டியோடும் அதைப் பொருத்துகிற ஆளோடும் அறிவிப்பு அறைக்கு வந்தார். வெண்கலம் நாற்காலியை விட்டு எழவில்லை.

"நீங்க ஜெயிச்சுட்டீங்க, நான் இல்லைங்கல" என்றார் அதிகாரி. "ஆனா இதையும் வாங்கிட்டாங்களே. ஒரு மணி நேரம் ஓட்டிப் பாத்துடுவோம்."

பெட்டி பேசத் தொடங்கியது. தேன் தடவின குரல். இருபத்தொன்பது ஐந்தாம் நடைமேடையில் புறப்படத் தயார் என்றது. நாற்பத்து மூன்று, எட்டாம் நடைமேடை என்றது. எல்லாம் சரியாகத்தான் போனது. பத்தே காலுக்கு, "அறுபத்தாறாம் எண் வண்டி பதினோராம் நடைமேடையில் புறப்படத் தயாராக உள்ளது" என்று அதே இனிமையோடு சொன்னது. சனங்கள் மூட்டை முடிச்சோடு பதினொன்றுக்கு ஓடினார்கள். நடைமேடை காலியாக இருந்தது. வண்டி டயர் வெடித்து இருபது கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது என்று வெண்கலத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே தொலைபேசியில் தகவல் வந்திருந்தது. ஐந்து நிமிடம் கழித்துப் பெட்டி மறுபடியும் அறுபத்தாறு தயார் என்றது. பதினோராம் நடைமேடையிலிருந்து எழுந்த கூச்சல் அறைவரை கேட்டது.

அதிகாரி வெண்கலத்தைப் பார்த்தார். அவன் கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லுங்களேன்யா!"

அவன் நிதானமாகக் கையைப் பிரித்து, விசையைத் தட்டி, கழுத்தில் பெருவிரலை வைத்தான். "அறுபத்தாறு டயர் வெடிச்சு வழியில நிக்குது. வர ஒரு மணி நேரம் ஆகும். அவசரமாப் போறவங்க இரண்டாம் நடைமேடையில எழுபத்தொண்ணுல ஏறி, பாலத்தடியில இறங்கி மாறிக்குங்க. குழந்தையோட இருக்கறவங்க நிழல்ல உக்காருங்க, வண்டி வந்ததும் நான் கூப்பிடறேன்."

கூச்சல் அடங்கியது. சில மூட்டைகள் இரண்டாம் நடைமேடைக்கு நகர்ந்தன.

அதிகாரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "நேரத்துக்கு வர்ற வண்டியை அது சொல்லட்டும். வராத வண்டியை நீங்க சொல்லுங்க" என்றார்.

"அப்ப எனக்குத்தான் சார் வேலை அதிகம்" என்றான் வெண்கலம்.

அந்த வால்வு எழுபத்தாறு நாள் உழைத்தது. எழுபத்தேழாம் நாள் புதன்கிழமை, தேநீர்ச் சொட்டு ஒன்று மறைப்புத் துணியில், 'பு' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. அன்றைக்கே போய்விட்டார்கள். டாக்டரம்மா பழையதை உருவிக் கண்ணாடியின் கீழ் வைத்தார். உதட்டோரம் இரண்டு மூன்று மஞ்சள் புள்ளிகள் இருந்தன. வாயைத் திறக்கச் சொல்லி அண்ணத்தையும் பார்த்தார், சிவப்பு வடிந்திருந்தது.

"இன்னும் போகலையே" என்றாள் அக்கா.

"முழுசாப் போகாதுங்கா. அதோட வீடே வாய்தான். ஒரு நாள் அசந்தா மறுபடி கட்டில் போட்டுடும்."

புது வால்வு உள்ளே இறங்கி, ஒரு சிறு சொடுக்கோடு பொருந்தியது. "ஆ சொல்லுங்கண்ணே" என்றார் டாக்டரம்மா.

வெண்கலம் ஆ சொல்லவில்லை. தட்டில் கிடந்த பழைய வால்வைப் பார்த்துக் குனிந்து, பெருவிரலைக் கழுத்தில் அழுத்தி, நிலையத்தில் பேசுகிற முழுக் குரலில் பேசினான். "கேண்டிடா அவர்களின் கனிவான கவனத்துக்கு. வண்டி கிளம்பியாச்சு. அடுத்த வண்டியில வா, பாத்துக்கலாம்."

வெளியே காத்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கதவைப் பார்த்தார்கள். அக்கா நோட்டைத் திறந்து எழுபத்தாறு என்று எழுதி, அதன் அடியில் அளவுகோல் வைத்து இரண்டு கோடு போட்டாள். அடுத்த வரியில் அன்றைய தேதியைப் போட்டு, எண்ணுக்கு இடம் விட்டு வைத்தாள். முன்பெல்லாம் இரண்டு இலக்கத்துக்குத்தான் இடம் விடுவாள். இந்தத் தடவை மூன்றுக்கு விட்டாள்.